ஆஸ்பராகஸும் ஆழ்துளைக் கிணறும்

வறண்ட நிலத்து விவசாயியின் துயருக்கு ஆட்சியாளர்கள் இப்போதெல்லாம் ஒரே மருந்தைத்தான் எழுதித் தருகிறார்கள். சோளத்தையும் கம்பையும் நம்பாதே. உயர்மதிப்புப் பயிருக்கு மாறு. சொட்டுநீர்க் குழாயைப் பதி. வெளிநாட்டுச் சந்தையைப் பிடி. இந்த மருந்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உட்கொண்ட நாடு ஒன்று உண்டு. அது பெரு. நோய் தீர்ந்ததா என்று அங்கே போய்ப் பார்ப்பது நமக்கு நல்லது.

பெருவின் தலைநகர் லிமாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் இருக்கிறது இக்கா பள்ளத்தாக்கு. பசிபிக் கரையோரப் பாலைவனம். ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சில மில்லிமீட்டர்தான். அங்கேதான் ஆஸ்பராகஸ் என்னும் காய்கறி ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் விளைகிறது. மண்ணைப் பிளந்துகொண்டு வரும் இளந்தண்டு ஒவ்வொன்றையும் கையால் அறுத்து, குளிரூட்டி, விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறார்கள். இதே இனத்தைச் சேர்ந்த உறவுச் செடியொன்று நம் புதர்க்காடுகளில் தானாகவே வளர்கிறது. சித்த மருத்துவம் அறிந்த அந்தக் கொடிக்குத் தமிழில் தண்ணீர்விட்டான் என்று பெயர். அது கிடைக்கும் நீரைக் கிழங்கில் சேர்த்துவைத்துக் கோடையைத் தாண்டுகிறது. ஏற்றுமதித் தோட்டத்துச் செடிக்கோ ஆண்டு முழுவதும் பாசனம் வேண்டும். அறுக்கும் தண்டின் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். அது பாலைவனத்தின் அடியிலிருந்து இறைத்த தண்ணீர்.

இது இயற்கையின் விளையாட்டன்று. வர்க்கக் கொள்கையின் விளைவு. 1969இல் வெலாஸ்கோ அரசு கொண்டுவந்த நிலச்சீர்திருத்தம் பெருந்தோட்டங்களைக் கைப்பற்றிக் கூட்டுறவுகளிடம் ஒப்படைத்தது. 1990களில் ஃபூஜிமோரி ஆட்சி அந்தச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றியது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் நில உச்சவரம்பை அகற்றியது. அதற்கு முன்பே, 1991இல், கோகா பயிருக்கு மாற்று என்ற பெயரில் அமெரிக்கா ஆண்டிய நாடுகளின் விளைபொருள்களுக்குத் தீர்வையில்லாச் சலுகை தந்திருந்தது. 2000ஆம் ஆண்டின் 27360ஆம் எண் சட்டம் வேளாண் நிறுவனங்களின் வருமான வரியை 15 விழுக்காடாகக் குறைத்தது. தொழிலாளரின் ஆண்டு விடுப்பை 30 நாளிலிருந்து 15 நாளாக வெட்டியது. போனஸையும் பணிக்கொடையையும் தினக்கூலிக்குள்ளேயே அடக்கிவிட்டது. உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் இக்காவின் ஆஸ்பராகஸ் நிறுவனத்துக்குக் கடன் தந்தது. ஒப்பந்தங்களிலும் சட்டங்களிலும் நிலம், வரி, கூலி எல்லாம் எண்ணப்பட்டன. தண்ணீரை மட்டும் எவரும் எண்ணவில்லை.

விளைவு என்ன? பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட அறிக்கை, இக்காவின் சில இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுக்கு 8 மீட்டர் வரை இறங்கியதாகக் கூறியது. நீர் கீழே போகப் போக, ஆழமாகத் துளைக்கவும் பெரிய மோட்டார் பொருத்தவும் பணமுள்ளவனே நீரைத் துரத்த முடியும். சிறு விவசாயியின் கிணறு முதலில் வற்றும். கிணறு வற்றிய நிலம் பிறகு விலைக்கு வரும். புதுக் கிணறுகளுக்குத் தடை வந்தது. ஆனால் அந்தத் தடை, ஏற்கெனவே ஆழத் துளைத்தவர்களிடம் கிணற்றை விட்டுவைத்தது. மேட்டிலே ஹுவான்காவெலிகாவின் அல்பாகா மேய்ப்பர் சமூகங்கள், தங்கள் ஏரி நீரைக் கால்வாய் வெட்டி இக்காவுக்குத் திருப்புவதை எதிர்த்துப் போராடி வருகின்றன.

சொட்டுநீர்ப் பாசனம் இருக்கிறதே என்பார்கள். இக்காவின் பெருந்தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய்கள்தாம் ஓடுகின்றன. ஒரு ஹெக்டேருக்கு மிச்சமாகும் நீர், வரம்பு இல்லாத இடத்தில், அடுத்த ஹெக்டேருக்குப் போகிறது. தொழில்நுட்பம் தன்னளவில் நல்லதே. உடைமை உறவு மாறாதவரை அது சேமிப்பது முதலாளியின் செலவை; பூமியின் நீரை அன்று.

வேலை கிடைத்ததே என்ற வாதத்தை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. மலையிலிருந்து இறங்கிவந்த ஆயிரக்கணக்கானோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்தத் தோட்டங்கள் கூலி தந்தன. அந்தக் கூலியின் தரத்தை அவர்களே எடைபோட்டார்கள். 2020 நவம்பர் 30 அன்று இக்காவின் விவசாயத் தொழிலாளர்கள் பான் அமெரிக்க நெடுஞ்சாலையை மறித்தார்கள். வடக்கே விரூவில் ஓர் இளைஞர் குண்டு பாய்ந்து மடிந்தார். ஒரு வாரத்துக்குள் 27360ஆம் எண் சட்டத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தது. அதே நாள்களில் தில்லியின் எல்லையில் நம் விவசாயிகள் கூடாரம் அடித்திருந்தார்கள் என்பதைத் தோழர்கள் நினைவுகூர வேண்டும். இங்கே எதிர்க்கப்பட்ட மூன்று சட்டங்களுள் ஒன்று ஒப்பந்த விவசாயத்துக்கானது.

மகாராஷ்டிராவின் ஆஸ்பராகஸ், கரும்பு. மாநிலச் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 4 விழுக்காட்டில் நிற்கும் அந்தப் பயிர் பாசன நீரில் சுமார் 70 விழுக்காட்டைக் குடிப்பதாக ஒன்றிய அரசின் வேளாண் விலை ஆணையமே சுட்டிக்காட்டியது. 2016 ஏப்ரலில் லாத்தூருக்கு மீரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. அதற்கு முன்பே லாத்தூரில் தண்ணீர் நிரப்பும் இடங்களைச் சுற்றி 144 தடையுத்தரவு போடப்பட்டிருந்தது. அந்தப் பருவத்திலும் மராத்வாடாவின் சர்க்கரை ஆலைகள் கரும்பு அரைத்தன. குடத்துக்குத் தடை, ஆலைக்கு இல்லை.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின்படி, தன் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுத்துப் பயன்படுத்துவது நில உடைமையாளரின் உரிமை. வெள்ளையன் போய்விட்டான், கிணற்றடியில் அவன் வைத்த விதி இன்னும் போகவில்லை. தமிழ்நாட்டில் 2003இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. நிலம் இல்லாதவனுக்கு நிலத்தடி நீரிலும் பங்கில்லை என்பதே இதன் பொருள்.

கோவண்டியில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 1972 வறட்சிக்குப் பின் மராத்வாடாவிலிருந்து வந்த தலித் குடும்பங்களும், தென்மாவட்டங்களிலிருந்து வந்த நம் குடும்பங்களும் மான்குர்த், சீதா கேம்ப், சிவாஜி நகர்ச் சந்துகளில் ஒரே குழாயடியில் நிற்கின்றன. கிராமத்தில் கிணறு வற்றியவர்களில் பலர் இங்கே தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த குடிசைகளுக்கும் குடிநீரை மறுக்க முடியாது என்று பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில் மும்பை உயர்நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வீட்டுப் பட்டாவிலிருந்து தண்ணீரைப் பிரித்துப் பார்த்த தீர்ப்பு அது. நிலப் பட்டாவிலிருந்தும் நிலத்தடி நீரைப் பிரிக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையின் அடுத்த படி.

ஆகவே ஆஸ்பராகஸ் வேண்டாம், கரும்பு வேண்டாம் என்று பயிரின் மீது பகை கொள்வது நம் வேலையன்று. எந்தப் பயிராயினும் சில கேள்விகளை விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்தே கேட்க வேண்டும். அந்தப் பகுதியில் ஆண்டுக்கு ஊறும் நீர் எவ்வளவு? அதில் குடிநீருக்கும் சிறு விவசாயிக்கும் முதலில் ஒதுக்கியது எவ்வளவு? மிச்சத்தை யார், எந்த வரம்புக்குள் எடுப்பது? அறுப்பவருக்குக் கூலி என்ன, விடுப்பு என்ன? இவற்றுக்கு விடை எழுதாமல் போடப்படும் எந்த ஏற்றுமதித் திட்டத்தையும் கிராமசபையில் வைத்தே நிறுத்த வேண்டும். கிணறு வற்றிய பிறகு கேட்டால், பதில் சொல்ல அங்கே நிறுவனம் இருக்காது. அது அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிருக்கும்.