பாட்டுக் கழகங்கள் கட்டிய நாடு

"பாட்டா விடுதலை வாங்கித் தரும்?" என்று கேட்போர் எந்த நாட்டிலும் உண்டு. வாளேந்தியவன் வெல்வான், பொருள் படைத்தவன் வெல்வான், வாய் திறந்து பாடுபவன் என்ன சாதித்துவிடப் போகிறான் என்று கெக்கலி கொட்டிச் சிரிப்பர். சிரிக்கட்டும்! நாம் செக் மக்களின் கதையைச் சற்றே பார்ப்போம்.

1620-ஆம் ஆண்டு, பிராக் நகரை அடுத்த வெண்மலைப் போரில் பொஹீமிய நாட்டவர் தோற்றனர். ஹாப்ஸ்பர்க் பேரரசின் பிடி இறுகிற்று. நாளடைவில் ஜெர்மன் மொழி அலுவலகத்தில் அமர்ந்தது, நீதிமன்றத்தில் அமர்ந்தது. 1784-ல் பிராக் பல்கலைக் கழகத்திலும் பயிற்று மொழியாக ஏறி அமர்ந்தது. செக் மொழி? வயலில் இருந்தது, சந்தையில் இருந்தது, அடுப்பங்கரையில் இருந்தது. படித்தவன் பேச வெட்கப்படும் மொழியாயிற்று. செக் இலக்கணத்தை ஆராய்ந்த தொப்ரோவ்ஸ்கி என்ற பேரறிஞரே, 1809-ல் அந்த நூலை ஜெர்மன் மொழியில்தான் எழுதினார். தாயின் பெருமையை அயலார் மொழியில் எடுத்துக் கூறவேண்டிய அவலம்!

யுங்மன் என்ற அறிஞர் அயராது உழைத்து, 1830-களில் ஐந்து தொகுதிகளாகப் பேரகராதி படைத்தார். அரிய பணிதான். ஆனால் அகராதி அலமாரியில் இருந்தால் போதுமா? மொழி மக்கள் வாயில் வாழ வேண்டாமா?

1834-ல் பிராக் நாடக மேடையில், செருப்புத் தைக்கும் தொழிலாளரின் திருவிழாவை வைத்து ஒரு நகைச்சுவை நாடகம் நடைபெற்றது. டில் என்பவர் எழுதியது. அதிலே, கண்ணிழந்த ஃபிடில்காரன் ஒருவன் தாயகத்தைப் பற்றிப் பாடுகிறான். ஷ்க்ரூப் என்பவர் இசை அமைத்தார். நாடகத்தை மக்கள் மறந்தனர், பாட்டை மறக்கவில்லை. 84 ஆண்டுகள் கழித்து, விடுதலை பெற்ற நாட்டின் நாட்டுப்பண்ணாக எழுந்தது அந்தப் பாட்டு!

இடைப்பட்ட காலம் இனிப்பானதா? அல்ல! 1848-ல் கிளர்ச்சி எழுந்தது. அடக்குமுறை அதனை நசுக்கிற்று. அஞ்சாது எழுதிய பத்திரிகையாளர் ஹாவ்லிச்செக், 1851-ல் தொலைவிலுள்ள மலைநாட்டுக்கு நாடு கடத்தப்பட்டார். 1859-ல் இத்தாலியப் போர்க்களத்தில் பேரரசு தோற்ற பிறகுதான் துரைத்தனத்தின் பிடி தளர்ந்தது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. அந்தச் சந்தில் முதலில் நுழைந்தவை எவை தெரியுமா? பாட்டுக் கழகங்கள்!

1861-ல் பிராக் நகரில் 'ஹ்லாஹோல்' பிறந்தது. ஓங்கி ஒலிக்கும் முழக்கம் என்பது அச்சொல்லின் பொருள். பாட்டால் உள்ளத்துக்கு, உள்ளத்தால் தாயகத்துக்கு என்ற கருத்தைத் தன் குறிக்கோளாகப் பொறித்துக் கொண்டது அக்கழகம். ஊருக்கு ஊர் கழகங்கள் முளைத்தன. தொடக்கத்தில் ஆடவர் மட்டும் பாடினர். பின்னர்ப் பெண்டிரும் வந்து சேர்ந்தனர்.

இந்தக் கூட்டுப் பாடல் முறையையே ஜெர்மானியரிடமிருந்துதான் கற்றனர். 1809-லேயே பெர்லினில் அத்தகைய கழகம் கண்டவர் செல்ட்டர். செக் மக்கள் எதிர்த்தது ஆதிக்கத்தை. நல்ல அமைப்பு முறையை அல்ல! பயன்படும் கருவி எவரிடமிருந்தாலும் எடுத்துக் கொள்வதில் இழிவென்ன?

அந்தக் கருவியின் ஆற்றலைக் கவனிக்க வேண்டும். கூட்டுப் பாடலில் உச்சக் குரல் உண்டு, அடித்தொண்டைக் குரல் உண்டு; ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி மெட்டு. தன் குரலே ஓங்க வேண்டுமென்று எவனேனும் கத்தினால் பாட்டு கெடும். பக்கத்திலிருப்பவன் குரலுக்குச் செவி கொடுத்தாக வேண்டும். ஒத்திகைக்குத் தவறாது வந்தாக வேண்டும். செக் சொற்களைத் திருத்தமாக ஒலித்தாக வேண்டும். பாட்டுப் பள்ளி, மொழிப் பள்ளியுமாயிற்று; கட்டுப்பாட்டுப் பாசறையுமாயிற்று!

1863 முதல் 1865 வரை ஹ்லாஹோலை நடத்திச் சென்ற ஸ்மெத்தனா, இளமையில் ஜெர்மன் வழியே படித்தவர். முப்பது வயதைக் கடந்த பின்னரே தன் தாய்மொழியைப் பிழையற எழுதப் பழகினார். பழகினாரா, வெட்கி ஒதுங்கினாரா? பழகினார்! செக் இசையின் தந்தை என்று பெயரும் பெற்றார்.

புர்னோ நகரில் கைத்தொழிலாளர் நடத்திய 'ஸ்வதோப்லுக்' கழகத்துக்கு, 1873-ல், இருபது வயதுகூட நிரம்பாத யானாச்செக் தலைமை ஏற்றார். பின்னாளில் உலகம் போற்றிய அந்த இசை மேதை, பகலெல்லாம் பட்டறையில் உழைத்த கைகளுக்குரியோருக்காகப் பாடல் அமைத்தார். அதே 1873 மார்ச்சில், பிராக்கில், ஹ்லாஹோலின் 300 பேர் எழுந்து நின்று பாடினர். வெண்மலையில் வீழ்ந்தோரின் வழித்தோன்றல்களைப் பற்றிய பாடல் அது. இசை அமைத்தவர், அதுவரை பெயர் பெறாத ஓர் இளைஞர். கசாப்புக் கடைக்காரரின் மகன். ட்வோர்ஷாக் என்ற பெயர் அன்றுதான் நாட்டில் ஒலித்தது. தோல்வி நிகழ்ந்து 253 ஆண்டுகள்; தோற்றவனின் பேரன் தலைநிமிர்ந்து பாடினான்!

பாடியதோடு நின்றனரா? 1868-ல் தேசிய நாடக மன்றத்துக்கு அடிக்கல் நாட்டினர். நாட்டின் பல மலைகளிலிருந்து கற்கள் வந்தன. 1881 ஜூனில் மன்றம் திறந்தது, ஆகஸ்டில் தீக்கிரையாயிற்று. அழுது ஓய்ந்தனரா? 47 நாட்களில் பத்து லட்சம் கில்டர் திரண்டது! பேரரசரும் தந்தார், பெருஞ்செல்வரும் தந்தனர். ஏழை எளியோரின் சில்லறையும் வந்து குவிந்தது. 1883-ல் மன்றம் மீண்டும் எழுந்தது. மேடையின் மீது, நாடு தனக்குத் தானே அளித்த கொடை என்ற பொருள்பட வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. சேர்ந்து பாடிப் பழகிய மக்களுக்குச் சேர்ந்து கொடுக்கவும் தெரிந்தது!

பாட்டு மட்டுமே விடுதலை தந்தது என்று நாம் கூறவில்லை. 1880-ல், செக் மொழியில் விண்ணப்பித்தவனுக்கு அம்மொழியிலேயே பதில் தரவேண்டுமென்ற ஆணை வந்தது. 1882-ல் பல்கலைக் கழகம் இரண்டாகி, செக் மொழிக்கென ஒன்று கிடைத்தது. 1897-ல் பிறந்த மொழி ஆணையோ, எதிர்ப்புக்குப் பணிந்து 1899-ல் திரும்பப் பெறப்பட்டது. ஏறினர், சறுக்கினர், மீண்டும் ஏறினர். உலகப் போரில் பேரரசு நொறுங்கிய பிறகே, 1918-ல் நாடு விடுதலை கண்டது.

ஆனால், பேரரசு நொறுங்கிய அன்று, நாட்டை ஏற்று நடத்த ஆள் வேண்டாமா? தன் மொழியில் பேச, எழுத, கூடி முடிவெடுக்கத் தெரிந்த மக்கள் வேண்டாமா? அவர்கள் ஒரே நாளில் முளைத்தவர்களல்லர். அத்தகைய மக்கள் உருவான இடங்களில் ஒன்று, அந்த எளிய ஒத்திகைக் கூடம்!

கைதட்டல் கிடைக்கும் மேடைக்கு வர ஆயிரம் பேர் உண்டு, தோழர்களே! கைதட்ட எவருமில்லாத ஒத்திகைக்கு, உழைத்துக் களைத்த உடலோடு வாரந்தோறும் வருபவன் எவனோ, அவன்தான் இயக்கத்தின் தூண். ஹ்லாஹோல் இன்றும் பிராக்கில் பாடிக் கொண்டிருக்கிறது. அன்று அதன் வாயை அடைக்கக்கூடிய ஆற்றல் படைத்திருந்த பேரரசு எங்கே? வரலாற்றுப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது!