முதல் படம் என்னும் சாம்பிள் பீஸ்

எந்த இயக்குநரின் முதல் படம் சிறந்தது என்று பேச்சு வந்தால், பலரும் 'உதிரிப்பூக்கள்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது மகேந்திரனின் இரண்டாவது படம் ஐயா. முதல் படம் 1978-இல் வந்த 'முள்ளும் மலரும்'. குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கணக்கு சரியாக இருந்தால்தான் மேலே பேச்சு ஓடும்.

நம் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் முதலில் சாம்பிள் பீஸ் தைத்துக் காட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். முதல் படமும் அப்படியே. அது எத்தனை நாள் ஓடியது என்று நான் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு மற்றவர்கள் படம் எடுக்கும் விதம் மாறியதா? அதுதான் என் அளவுகோல்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977). செட்டுக்குள் கிடந்த கிராமத்தை வெட்டவெளிக்குக் கொண்டுவந்த படம். கமல்ஹாசனைக் கோவணத்தோடு சப்பாணியாக நிறுத்தத் துணிச்சல் வேண்டும். அதன் பிறகு கோடம்பாக்கமே கிராமத்துக்கு வண்டி கட்டியது.

இரண்டாவது 'முள்ளும் மலரும்'. படமாக மட்டும் எடைபோட்டால் இதுதான் உசத்தி. ஆனால் அந்த அடக்கத்தைப் பின்பற்ற ஆள் குறைவு.

மூன்றாவது ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' (1959). அதே வருடம் பிரான்சில் த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படத்துக்குக் கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு வாங்கினார். வயது 27. ஆங்கிலத்தில் அதன் தலைப்பை 'நானூறு அடிகள்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார்கள். பிரெஞ்சு வழியில் படித்தவனுக்குச் சிரிப்பு வரும். அடங்காத ஆட்டம் போடுவதைத்தான் அந்த மொழியில் அப்படிச் சொல்வார்கள். நம் ஸ்ரீதரும் அப்போது முப்பதைத் தொடாத வாலிபர்தான்.

என் அளவுகோலுக்கு அடங்காத படம் ஒன்று உண்டு. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978). ஒரு பெண்ணின் கோபத்தைச் சமாதானம் சொல்லி மழுப்பாமல் காட்டியது. அவர் அதற்குப் பிறகு இயக்கி வெளிவந்தது 'கிராமத்து அத்தியாயம்' ஒன்றுதான். சாம்பிள் பிரமாதம், ஆர்டர் வரவில்லை. அதில் குறை யாருடையது? தியேட்டர் பக்கம் போகாமல், பல வருடம் கழித்து டி.வி.யில் பார்த்துப் புகழ்ந்தவர்களுடையது என்றுதான் சொல்வேன்.

புதுப் பையன்கள் இன்றும் வருகிறார்கள். மணிகண்டனின் 'காக்கா முட்டை'யை (2015) நம் வயதுக்காரர்கள் எத்தனை பேர் தியேட்டரில் பார்த்தோம்? அடுத்த முறை பேர் தெரியாத ஒருவரின் முதல் படம் வந்தால், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் வாரமே போய்விடுங்கள். பட்டியலை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.