இந்த விலாசத்தை யார் கொடுத்தது?

"எந்த ஏரியாம்மா?"

"கண்ணகி நகர்."

அவ்வளவுதான். அதுவரை சிரித்துப் பேசிய முகம் சுருங்கிவிடும். வேலை கேட்டுப் போன இடத்தில் "அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். தவணையில் வண்டி வாங்கப் போனால், அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கடன் கிடையாதாம். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற பையனை மறித்து, லைசென்ஸில் விலாசத்தைப் பார்த்ததும், "டேய், ஓரமா நில்லு." என் மகள் இப்போதெல்லாம் துரைப்பாக்கம் என்றுதான் சொல்கிறாள். பொய்யில்லைதான். ஆனால் பெற்றவளுக்கு வயிறு எரிகிறது.

இந்த விலாசத்தை நாங்களா கேட்டு வாங்கினோம்?

கூவக்கரையில் இருந்தோம். நாற்றம்தான், கொசுதான், மழை வந்தால் பயம்தான். ஆனாலும் காலையில் நடந்து போய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பிள்ளை பள்ளிக்குக் கிளம்புவதற்குள் திரும்பி வந்துவிடலாம். 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கட்டடங்கள் ஊருக்குள் இன்னும் நிற்கின்றன. பிறகு நிலத்துக்கு விலை ஏறியது. எங்களை லாரியில் ஏற்றினார்கள். 2000-ல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டி, 200 சதுர அடிகூட இல்லாத வீடுகள். மாமியார், நாத்தனார், பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்தான். பழைய வேலைக்குப் போக பஸ் ஏறினால் சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்கே சரி. வேலை போனது. பள்ளி மாறிய பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குப் படிப்பும் போனது.

நாங்கள் ஆற்றுப் புறம்போக்கில் இருந்ததால் ஆக்கிரமிப்பாளர்களாம். பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் தூண் இறக்கிப் பறக்கும் ரயில் விட்டால் மட்டும் அது வளர்ச்சித் திட்டம்!

பெயரை மட்டும் நன்றாக வைத்தார்கள். நீதி கேட்டவள் பெயர். மெரினாவில் நின்ற அவள் சிலையை 2001 டிசம்பரில் எடுத்தார்கள். ஊரே கொதித்தது. 2006-ல் பழையபடி கடற்கரையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சந்தோஷம். சிலைக்காகக் கொதித்த ஊர் எங்களுக்காக ஒரு நாள் கொதித்திருக்கிறதா?

2011-ல் எங்களையும் சென்னை மாநகராட்சியில் சேர்த்தார்கள். துரத்திய ஊரே திரும்ப வந்து எங்களைச் சேர்த்துக்கொண்டது. சரி, இனி கவுன்சிலரிடமாவது முறையிடலாம் என்றிருந்தோம். 2016-ல் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022-ல்தான். குழாயில் தண்ணீர் வராத நாளில் காலிக் குடத்தோடு யார் வாசலில் போய் நிற்பது?

எங்கள் கதி தெரிந்தும் நிறுத்தவில்லை. செம்மஞ்சேரி, அப்புறம் எட்டு மாடி எட்டு மாடியாகப் பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று அடையாற்றங்கரை ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கே? அதே சதுப்பு நிலத்துப் பக்கத்தில்.

2020-ல் எங்கள் சுவர்களில் பெரிய பெரிய ஓவியம் வரைந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லமாட்டேன். கேமராவோடு வருகிறவர்கள் சுவரைப் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து ரோட்டில் இருக்கிற கண்ணாடிக் கட்டடங்களின் கக்கூஸ் எங்கள் கையால்தான் பளபளக்கிறது. அந்தக் கட்டடத்து மேஜை வேலைக்கு எங்கள் பிள்ளை மனுப் போட்டால் மட்டும் விலாசம் இடிக்கிறது.

2025-ல் எங்கள் கண்ணகி நகர்ப் பொண்ணு பஹ்ரைனுக்குப் போய் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வென்று வந்தாள். கார்த்திகா. அன்றைக்கு டிவிக்காரர்கள் ஊர்ப் பெயரை வாய் நிறையச் சொன்னார்கள். கேட்கக் கேட்க அழுகை வந்தது. மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள், சொல்லுங்கள். பில் போடுகிற வேலைக்கும் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வர வேண்டுமா?