கடும் வெப்பத்தில் தேறிய கவசம்
2022 டிசம்பர் 11 அன்று, நாசாவின் ஆளில்லா நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1 முடிந்து ஓரியன் விண்கலம் பசிபிக் கடலில் இறங்கியது. சுமார் 2,760 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டியும் கலத்தின் உட்புறம் பத்திரமாக இருந்தது. ஆனால் வெப்பக் கவசமான ‘ஆவ்கோட்’ நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பெயர்ந்திருந்தது.

ஆவ்கோட் கருகித் தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. கருகும்போது உள்ளே வாயு உண்டாகும். கருகிய அடுக்கின் நுண்துளைகள் வழியே அது வெளியேற வேண்டும். ஓரியனோ வளிமண்டலத்தில் ஒருமுறை மூழ்கி, மேலெழும்பி, மீண்டும் இறங்கியது. இடையில் வெளிவெப்பம் தணிய, கருகுவது மந்தமாகி, போதிய துளைகள் உருவாகவில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ளே புகுந்த வெப்பத்தால் வாயு பெருகிக்கொண்டே இருந்தது. அழுத்தம் தாங்காமல் கவசம் விரிசல் விட்டது.

பறப்பதற்கு முந்தைய தரைச் சோதனைகளில் இது ஏன் தெரியவில்லை? அவை உண்மைப் பயணத்தைவிடக் கடுமையான வெப்பத்தில் நடந்தன. அந்தச் சூட்டில் துளைகள் உருவாகி வாயுவுக்கு வழிவிட்டன. பயணத்துக்குப் பின், கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், மின்வில்லால் சூடேற்றிய காற்றைப் பயணத்தில் இருந்தது போலவே ஏறி இறங்கும் வெப்பத்தில் பாய்ச்சிப் பார்த்த பிறகே காரணம் பிடிபட்டது.

ஏறி இறங்கும் வெப்பத்திலும் சோதிப்பதை இனிக் கட்டாயமாக்க வேண்டும். முடிவுகளை மறைக்கவும் கூடாது. சேதத்தின் படங்கள் நாசாவின் 2024 மே மாதத் தணிக்கை அறிக்கையில்தான் வெளிவந்தன. காரண விளக்கம் அந்த டிசம்பரில்தான் வந்தது. மனிதர்கள் ஏறும் கலத்தின் விஷயத்தில் இத்தனை தாமதத்தை ஏற்க முடியாது.