'நல்ல' வெளிநாட்டுக்காரருக்கு ஒரு மறுப்பு

அரசியல் பேசுவதில் எமது சனங்களுக்கு அலுப்பு என்பதே கிடையாது. பாரிசில் எந்த உணவகத்தின் குசினிக்குள்ளும் போய்ப் பாருங்கள். வெங்காயம் உரிக்கிறவர் ட்றம்ப்பைப் பற்றிச் சொல்லுவார். கோப்பை கழுவுகிறவர் அதை மறுப்பார். மோடிக்கு எத்தனை ஆசனம், ஸ்ராலினா எடப்பாடியா, 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்தது எப்படி... எல்லாவற்றுக்கும் எம்மிடம் பதில் உண்டு. லாச்சப்பல் தெருவில் நின்று உலகத்தை ஆளத் தெரிந்தவர்கள் நாங்கள்.

ஆனால், நாம் நிற்கிற அந்தத் தெருவை யார் ஆளப்போகிறார்கள் என்பதில் மட்டும் எமக்கு அக்கறை இல்லை.

2024 யூன் 30 முதற்சுற்று. யூலை 7 இரண்டாம் சுற்று. அதற்கு முன் யூன் 9 நடந்த ஐரோப்பியத் தேர்தலில் தேசிய அணி 31 வீதத்துக்கு மேல் எடுத்ததும், மக்ரோன் பாராளுமன்றத்தைக் கலைத்திருந்தார். தீவிர வலதுசாரிகள் இந்நாட்டின் அரசாங்கத்தை அமைக்கப்போகிறார்கள் என்று எல்லோரும் எண்ணியிருந்த அந்த ஒரு கிழமையில் எம்மவர் மத்தியில் நான் கேட்டவை இரண்டே இரண்டு கருத்துக்கள்தான்.

ஒன்று: 'உது வெள்ளையளின்ர பிரச்சினை. வாக்கும் இல்லை, ஒண்டும் இல்லை. எங்களுக்கென்ன?'

மற்றது: 'அவை வரட்டும். வந்தால்தான் உந்தக் காப்பிலியளையும் அரபுக்காரரையும் அடக்குவினம். நாங்கள் வேலை செய்து வரி கட்டிற ஆக்கள். எங்களில கை வைக்க மாட்டினம்.'

முதலாவதைச் சொல்கிறவர் பெரும்பாலும் விசாவுக்குக் காத்திருப்பவர். இரண்டாவதைச் சொல்கிறவர் பெரும்பாலும் பிரெஞ்சுப் பிரஜாவுரிமை எடுத்து, கடையோ வீடோ வாங்கி, வாக்காளர் அட்டையையும் லாச்சிக்குள் வைத்திருப்பவர். இக்கட்டுரை இருவருக்கும் எதிரானது. இரண்டாமவரில் இருந்து தொடங்குவோம்.

*

'எங்களில கை வைக்க மாட்டினம்' என்பவர் அந்தக் கட்சியின் வேலைத்திட்டத்தை ஒரு முறையாவது வாசித்திருக்கிறாரா? 1972 இல் தேசிய முன்னணி என்ற பெயரில் தொடங்கி, 2018 இல் தேசிய அணி என்று பெயரை மாற்றிக்கொண்ட இக்கட்சி ஒளித்து வைத்து அரசியல் செய்யவில்லை. வேலையிலும் சமூக வீட்டிலும் உதவிப்பணத்திலும் பிரெஞ்சுக்காரருக்கே முதலிடம் என்கிறது. வெளிநாட்டுப் பெற்றோருக்கு இம்மண்ணில் பிறந்த பிள்ளை, பிறந்து வளர்ந்த காரணத்தால் பிரெஞ்சுப் பிரஜையாகும் உரிமையை ஒழிக்கவேண்டும் என்கிறது. 2024 தேர்தலின்போது அதன் தலைவர் ஜோர்டான் பார்டெல்லா, இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்குச் சில முக்கிய அரச பதவிகள் மூடப்படும் என்றார். அதாவது கடவுச்சீட்டு எடுத்தவர்களிலும் அரைப் பிரஜை, முழுப் பிரஜை என்று இரண்டு வகை.

இதில் எந்த வரியில் 'தமிழர் நீங்கலாக' என்று எழுதியிருக்கிறது? நல்லூர்த் திருவிழாவுக்குப் போக வசதியென்று இலங்கைப் பிரஜாவுரிமையையும் திரும்ப எடுத்து வைத்திருக்கிற அன்பரே, அந்த 'இரட்டை' நீங்கள்தான்.

வெறும் பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. 1993 இல் பஸ்குவா சட்டம் வந்தபோது, இங்கே பிறந்த வெளிநாட்டவரின் பிள்ளைகள் 16 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் 'நான் பிரெஞ்சுப் பிரஜையாக விரும்புகிறேன்' என்று தாமே போய் அறிவிக்கவேண்டி இருந்தது. 1998 இல் இடதுசாரி அரசாங்கம் அதை நீக்கியது. இன்று எமது பிள்ளை 18 வயதில் தானாகவே, பெற்றோர் கேட்டால் 13 வயதிலேயே பிரஜாவுரிமை பெறுகிறதென்றால் அது வானத்தில் இருந்து விழுந்த சலுகை அல்ல. ஒரு தேர்தலில் தோற்று இன்னொரு தேர்தலில் வென்று பெறப்பட்டது. அடுத்த தேர்தலில் போகவும் கூடும்.

போகும் வழியையும் கண்டோம். 2023 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய குடிவரவுச் சட்டத்துக்குத் தேசிய அணி வாக்களித்தது. அது தமது கருத்தியல் வெற்றி என்று மரீன் லு பென் சொன்னார். சில உதவிப்பணங்களுக்கு வெளிநாட்டவர் ஐந்து வருடம் காத்திருக்கவேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. 2024 ஜனவரியில் அரசியலமைப்புச் சபை அச்சட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிரிவுகளை முழுதாகவோ பகுதியாகவோ வெட்டியதால் அந்த விதி பிழைக்கவில்லை. பலவற்றை வெட்டியதும் முறைமைக் காரணத்துக்காகத்தான். உள்ளடக்கம் நீதியற்றது என்பதற்காக அல்ல. கதவு பூட்டப்படவில்லை, சாத்தித்தான் இருக்கிறது.

இலக்கங்களையும் பாருங்கள். சனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 2002 இல் தகப்பன் லு பென்னுக்கு 18 வீதம். 2017 இல் மகளுக்கு 34 வீதம். 2022 இல் 41 வீதம். இருபது வருடத்தில் இருமடங்குக்கு மேல். இதைப் பார்த்தும் 'எங்களுக்கென்ன' என்கிறவர், வீடு எரியும்போது மேல்மாடிக்காரன்தானே கத்துகிறான் என்று படுத்திருப்பவர்.

*

மண்ணில் பிறந்தால் போதாது, அப்பனும் அங்கே பிறந்திருக்கவேண்டும் என்ற சட்டம் எமக்குப் புதிதா? 1948 ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் சொன்னது அதைத்தானே! தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்துச் சாகிற மனிதரிடம் தகப்பனின் பிறப்புக்கு அத்தாட்சி கேட்டார்கள். 1947 தேர்தலில் தமது பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் 1952 தேர்தலின்போது வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழரில் ஒரு பகுதியினர் அப்போது சொன்னதும் இதே வசனம்தான்: அது தோட்டக்காரரின் பிரச்சினை, எங்களுக்கென்ன? அந்த அநியாயத்தின் மீது கட்சி உடைந்து 1949 இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. 'இன்று அவர்களுக்கு, நாளை எங்களுக்கு' என்று எச்சரித்தவர்கள் எவ்வளவு சரி என்பதற்கு 1956 வரைதான் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றை மேடைதோறும் கண்ணீரோடு ஒப்புவிக்கிற எம்மவர், அதே சட்டம் பிரெஞ்சில் எழுதப்பட்டால் கை தட்டுகிறார் என்றால், வரலாற்றில் இருந்து அவர் கற்றது கண்ணீரை மட்டும்தான்.

*

இனிக் 'காப்பிலி' என்ற அந்தச் சொல்லுக்கு வருவோம். அரை நூற்றாண்டாக ஐரோப்பாவில் இருந்தும் இச்சொல்லைக் கைவிட எமக்கு மனம் வரவில்லை. சாதியைப் பெட்டிக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்த சமூகத்துக்கு, தனக்குக் கீழே ஒருவன் இல்லாமல் நித்திரை வராது போலும்.

லாச்சப்பலில் இருந்து பத்து நிமிடம் நடந்தால் சென் பெர்னார் தேவாலயம். தமிழ்க் கடைகளுக்கு அவ்வளவு பக்கம். 1996 கோடையில் ஏறத்தாழ முந்நூறு பேர், பெரும்பாலும் மாலியையும் செனகலையும் சேர்ந்தவர்கள், விசா கேட்டு அதற்குள் தங்கியிருந்தார்கள். பத்துப் பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். மதியேன் சிஸ்ஸே என்ற செனகல் பெண் அவர்களின் குரலாக நின்று பேசினார். ஓகஸ்ட் 23 காலையில் பொலிசார் கோடரியால் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மறுவருடம் ஆட்சி மாறியது. 1997 யூனில் வந்த ஷெவன்மோன் சுற்றறிக்கையால் ஏறத்தாழ 80,000 பேர் விசா பெற்றார்கள். அந்தச் சுற்றறிக்கை கறுப்பருக்கு மட்டும் என்று யாரும் எழுதவில்லை. உண்ணாவிரதம் இருந்தவன் அவன். கோடரிச் சத்தத்தில் எழும்பிய பிள்ளை அவனுடையது. பின்னர் வந்த வரிசையில் எந்த நாட்டவரும் நிற்கலாம் என்றிருந்தது.

குசினிகளின் கதையும் அதேதான். 2008 ஏப்ரலில் பாரிசிலும் சுற்றுப்புறங்களிலும் உணவகம், துப்புரவு, கட்டடவேலை என்று பல வேலைத்தலங்களில் விசா இல்லாத தொழிலாளர் சி.ஜி.ரி. தொழிற்சங்கத்தின் துணையோடு வேலையை நிறுத்தி, இடத்தை விட்டு அசையாமல் அமர்ந்தார்கள். 2009 ஒக்ரோபரில் அது பல்லாயிரம் பேரின் வேலைநிறுத்தமாகியது. அங்கும் முன்வரிசையில் ஆபிரிக்கர்தான். 'நாங்கள் ஒளிந்து வாழ்பவர்கள் அல்ல, உங்கள் சாப்பாட்டைச் சமைப்பவர்கள்' என்பதை இந்நாட்டுக்குக் கண்ணால் காட்டியது அந்த வேலைநிறுத்தம். 2012 நவம்பர் சுற்றறிக்கையின்படி சம்பளச்சீட்டுக் காட்டி எம்மவர் எத்தனையோ பேர் விசா எடுத்தோமே, அதற்கு வழிவெட்டியவன் எவன்?

அந்த வழியிலும் முதலாளியின் கையெழுத்து வேண்டியிருந்தது. அது என்ன கயிறு என்று குசினிக்குள் நிற்கிறவனுக்குத் தெரியும். பத்து மணித்தியாலம் பன்னிரண்டாகும். ஞாயிறு லீவு இல்லாமற்போகும். வாய் திறந்தால் 'பேப்பர் நிரப்பித் தரமாட்டன்' என்பார். அந்த முதலாளி தமிழராக இருந்தாலும் கயிறு கயிறுதான். ஆள் குறைவான தொழில்களில் இருப்பவர், முதலாளியின் கையெழுத்து இல்லாமல் தானே விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடு முதன்முதலாக 2024 சட்டத்தில், 2026 முடிவு வரைக்குமான பரிசோதனையாக, அதுவும் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டு வைக்கப்பட்டது. அதைக்கூட வேண்டாம் என்று நின்றவர்கள் யார்? வலதுசாரிகளும், நீங்கள் 'வரட்டும்' என்கிறீர்களே அந்தத் தேசிய அணியும். 2025 ஜனவரியில் உள்துறை அமைச்சர் றெத்தையோ பழைய சுற்றறிக்கையை நீக்கி, ஐந்து வருட வதிவு கேட்ட இடத்தில் ஏழு வருடம் கேட்டார். வேலை செய்து வரி கட்டுகிற 'நல்ல' வெளிநாட்டுக்காரனுக்குக் கிடைத்த பரிசு அதுதான்.

நல்ல வெளிநாட்டுக்காரன் என்று ஒரு சாதி இல்லை. இன்னும் முறை வராத வெளிநாட்டுக்காரன் என்று ஒருவன் இருக்கிறான். அவ்வளவுதான்.

*

இனி, 'எங்களுக்கு வாக்கு இல்லையே' என்கிற முதலாமவர். அவருடைய வாதத்தில் நியாயம் உண்டு. 1793 ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியல் யாப்பு, ஒரு வருடம் இங்கே வாழ்ந்து தன் உழைப்பில் சீவிக்கிற 21 வயது வெளிநாட்டவனுக்குப் பிரஜையின் உரிமைகளைத் தருவதாக எழுதியது. ஆங்கிலேயரான தோமஸ் பெயின் அதற்கு முதல் வருடமே இங்கே மக்கள் பிரதிநிதியாகத் தெரிவானவர். அந்த யாப்பு நடைமுறைக்கு வரவேயில்லை. 1981 இல் மித்தரான், வெளிநாட்டவருக்கு உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குரிமை தருவதாகத் தன் 110 முன்மொழிவுகளில் ஒன்றாகச் சொன்னார். 2000 இல் பாராளுமன்றமும், 2011 டிசம்பரில் செனற்சபையும் அதற்கான சட்டமூலத்தை ஏற்றன. 2012 இல் ஒல்லாந்தும் வாக்குறுதி தந்தார். இன்றுவரை எதுவும் வரவில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்து நாட்டவர் 2001 முதல் நகரசபைக்கு வாக்களிக்கிறார்கள். போன வருடம் வந்த ஒருவருக்கு வாக்கு உண்டு, முப்பது வருடம் கோப்பை கழுவியவருக்கு இல்லை. இது அநியாயம்தான்.

ஆனால் அநியாயத்தைச் சாட்டிப் படுத்துக்கொள்வது வேறு விடயம். சென் பெர்னாரில் இருந்தவர்களுக்கு வாக்கு இருந்ததா? 2008 இல் அமர்ந்தவர்களுக்கு விசாவே இருக்கவில்லையே! பதினொரு பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதியைத் தெரிவுசெய்ய எந்த நாட்டவருக்கும் வாக்கு உண்டு. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் பாடசாலையில் பெற்றோர் பிரதிநிதிகளுக்கான தேர்தல் நடக்கிறது. அதில் பிரஜாவுரிமை கேட்பதில்லை. பிள்ளையின் பையில் வந்த அந்தக் கடித உறையை எத்தனை தமிழ் வீடுகளில் உடைத்தோம்? உடையாத உறை குப்பைக்குள் போக, நாம் ரி.வி.க்கு முன்னால் பென்சில்வேனியாவில் எத்தனை வீதம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

சர்வதேச அரசியலிலும் எம்மவரின் அளவுகோல் ஒன்றுதான்: அந்த நாடு எங்களுக்கு என்ன செய்யும்? இதனால் இஸ்ரேலைப் போற்றுவார் ஒருவர், ருஷ்யாவைப் போற்றுவார் இன்னொருவர். காசாவில் குழந்தைகள் புதைந்தால், 'பலஸ்தீனம் எங்களுக்காகக் குரல் கொடுத்ததா?' என்று கேட்பார் மூன்றாமவர். சரி, அந்த அளவுகோலையே பிடித்துப் பார்ப்போம். எங்கள் தலைக்கு மேல் பறந்த கிபிர் இஸ்ரேலில் செய்தது. மிக் விமானங்கள் உக்ரேனில் இருந்து வந்தவை. பல்குழல் எறிகணைகள் பாகிஸ்தான் தந்தவை. 2009 மே 27 ஜெனீவாவில், முள்ளிவாய்க்காலின் புகை அடங்கும் முன்னரே இலங்கை அரசைப் பாராட்டுகிற தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. ஆதரித்தவர்களில் இந்தியா, சீனா, ருஷ்யா, பாகிஸ்தான், கியூபா, தென்னாபிரிக்கா என்று ஒன்றோடொன்று ஒத்துவராதவர்கள் எல்லாம் ஒன்றாக இருந்தார்கள்.

ஆகவே 'எங்களுக்கு நண்பனான அரசு' என்று தேடுகிறவர் இன்னும் நூறு வருடம் தேடலாம். அரசுகளுக்குள் நண்பனைத் தேடுகிறவனுக்கு, அந்த அரசுகளின் கீழ் நசிகிற சனங்கள் கண்ணில் படுவதில்லை. பதுங்குகுழிக்குள் பிள்ளையை அணைத்தபடி இருந்தவர்கள், இன்னொரு பதுங்குகுழிக்குள் இருப்பவளிடம் 'நீ எனக்கு வாக்களித்தாயா?' என்று கேட்கக்கூடாது. கேட்டால், அன்று எம்மைப் பார்த்து வாய்மூடி இருந்த உலகத்தைக் குறைசொல்லும் தகுதி எமக்கில்லை.

*

2024 யூலை 7 இரவு தேசிய அணி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. தள்ளியது எமது சாமர்த்தியம் அல்ல. வேறு யாரோ கதவு கதவாகத் தட்டினார்கள். வெல்ல முடியாத வேட்பாளர்கள் விலகி இடம்விட்டார்கள். பிடிக்காதவனுக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாக்குப்போட்டார்கள் இந்நாட்டின் பாதிச் சனம். மறுநாள் காலை நாம் வழமைபோல வேலைக்குப் போனோம். ஒன்றும் நடக்கவில்லை என்றோம். ஒன்றும் நடக்காமற் செய்தவர்களுக்கு நன்றி சொல்லவும் எமக்குத் தெரியவில்லை.

வாக்காளர் அட்டை வைத்திருப்பவரே, அதை லாச்சியில் இருந்து வெளியே எடும். அது உமக்கு மட்டும் தந்த அட்டை அல்ல. உமது குசினியில் விசா இல்லாமல் நிற்கிற பெடியனின் வாக்கும் உமது கையில்தான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் அவனைத் துரத்துகிறவனுக்குப் போடுவதென்றால், இனிமேல் எந்த மேடையிலும் அகதி என்ற சொல்லை உச்சரிக்காதேயும். அட்டை இல்லாதவரே, சங்கத்தில் சேரும். பக்கத்தில் நிற்கும் மாலிக்காரனின் பெயர் என்னவென்று கேளும். அவனோடு ஐந்து வருடமாக ஒரே தொட்டியில் கோப்பை கழுவுகிறீர்.