பாட்டுக்காரர் மறைத்ததும் அண்ணன் மறைத்ததும்

போன வாரம் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரே இரைச்சல். மகன் செல்போனில் இங்கிலீஷ் பாட்டை அலறவிட்டிருந்தான்.

“என்னடா இது, காது கிழியுது?” என்றேன்.

“குயின் ராக் குழும்மா. பாடுறது ஃப்ரெடி மெர்குரி. நம்ம நாட்டுப் பள்ளிக்கூடத்துல படிச்சவர்தான்!” என்றான்.

நம்பவில்லை நான். அவன் சொல்லச் சொல்ல, அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

நிஜப்பெயர் ஃபரூக் பல்சாரா. பார்சி குடும்பம். 1946-ல் ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் பிறந்தவரை எட்டு வயதில் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனி விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பெற்ற மனசு எப்படித் துடித்திருக்கும்! அங்கேதான் பியானோ கற்றார், நண்பர்களோடு குழு அமைத்தார். 1964-ல் சான்சிபாரில் கலவரம். குடும்பம் இங்கிலாந்துக்குப் போயிற்று. 1970-ல் குயின் குழு. பாடியதோடு, பாட்டும் எழுதினார். ‘போஹீமியன் ராப்சடி’ (1975) அவர் எழுதியது. பந்தயம் ஜெயித்தால் போடுகிறார்களே, ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’, அதுவும் அவருடையதே.

தெற்றுப்பல் வேறு! பல்லைச் சரிசெய்தால் குரல் மாறிவிடுமோ என்று அப்படியே விட்டுவிட்டாராம்.

1987-ல் எய்ட்ஸ் என்று தெரிந்தது. ஊருக்குச் சொல்லவில்லை. மெலிந்துகொண்டே போனாலும் பாட்டுப் பதிவை விடவில்லை. 1991 நவம்பர் 23-ல் நோயை அறிவித்தார்; மறுநாளே உயிர் பிரிந்தது. வயது 45. அந்த நோயை அடக்கி வைக்கும் கூட்டு மருந்துகள் 1996 வாக்கில்தான் வந்தன.

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மகன் பயந்துபோய், “என்னம்மா?” என்றான்.

என் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் சின்னண்ணன் 2007-ல் இறந்தது மஞ்சள் காமாலையால் என்றுதான் ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய். பெட்டியடியில் அண்ணன் ஒளித்து வைத்திருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு, காரியம் முடிந்த பிறகுதான் அண்ணி கையில் கிடைத்தது. பாட்டுக்காரருக்கு அந்தக் கூட்டு மருந்துகள் கிடைக்கவில்லை. அண்ணனுக்கோ, அரசாங்கம் 2004-லிருந்தே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற பயம்தான் அவரைக் கொன்றது.

சகோதரிகளே, இந்தியாவில் இந்தக் கிருமியை 1986-ல் சென்னையில் முதலில் கண்டறிந்தவர்களும் பெண்கள்தான்: டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும். தொட்டால் இது ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கொசு கடித்தாலும் வராது. பாதுகாப்பில்லாத உறவு, கிருமியுள்ள ரத்தம், ஊசி, தாயிடமிருந்து பிள்ளை - இவைதான் வழி. கர்ப்பிணிக்கு முன்பே தெரிந்து மருந்து சாப்பிட்டால் பிள்ளையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிட்டால் நெடுநாள் வாழலாம்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறி அண்ணியைப் பார்க்கப் போனேன். அவர் அப்போதே பரிசோதித்துக்கொண்டார், ஒன்றும் இல்லை. “எழுதட்டுமா அண்ணி?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுது. இன்னொருத்தி பெட்டியில அந்தச் சீட்டு கிடக்க வேண்டாம்.”