குழந்தையின் அமினோ அமிலப் பரிசோதனையும் சத்துப் பொடிகளும்

விஞ்ஞானச் செய்திகளைத் தமிழாக்குவோருக்குச் சில சிறு சொற்களே பெருந்தொல்லை தருகின்றன. குழந்தையின் இரத்தத்திலுள்ள அமினோ அமிலங்களை அளந்து தரும் அறிக்கையில், எண்ணுக்கு அருகே ‘குறைவு’ என்றோ ‘மிகுதி’ என்றோ குறியிடுவது வழக்கம். அது ஓர் ஒப்பீடேயாகும். அவ்வயதுக் குழந்தைகளிடம் சாதாரணமாகக் காணும் எல்லைக்குக் கீழோ மேலோ அவ்வெண் நிற்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. ‘குறைவு’ என்பதைப் ‘பற்றாக்குறை’ என்று எழுதிவிட்டால், பெற்றோர் அதை நிரப்பும் பொடியைத் தேடிக் கடைக்குச் செல்வது இயல்பே.

இதனால் விளையக்கூடிய தீங்கு சிறிதன்று. பீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவி நோயில், பீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றும் என்ஸைம் சரிவர இயங்குவதில்லை. ஆகவே முன்னது இரத்தத்தில் தேங்குகிறது, பின்னது தாழ்கிறது. சாதாரணமாக லிட்டருக்கு 120 மைக்ரோமோலுக்கு உட்பட்டிருக்கும் பீனைல்அலனின், கடுமையான நோயில் 1,200-ஐயும் கடக்கும். வளரும் மூளை பழுதுறும். ‘டைரோசின் குறைவு’ என்ற ஒரு வரியை மட்டும் கண்டு பால் புரதப் பொடியைக் கரைத்துக் கொடுத்தால், அப்பொடியிலுள்ள பீனைல்அலனினும் உடன் சேர்ந்து நோயை வளர்க்கும். நார்வே வைத்தியர் ஃபோலிங் இந்நோயை 1934-இல் கண்டறிந்தார். பீனைல்அலனின் குறைந்த ஆகாரத்தால் நன்மை உண்டாவதை பிக்கலும் அவர் துணைவரும் 1953-இல் வெளியிட்டனர். சிகிச்சையின் உயிர்நாடி விலக்குவதில் இருக்கிறது. டைரோசின் சேர்த்த தனிக் கலவையும் தரப்படுகிறதுதான். ஆயின் அது நிபுணர் அளந்து, இரத்தத்தை மீண்டும் மீண்டும் சோதித்துக் கொடுக்கும் மருந்துணவு.

அறிக்கையின் அளவையையும் நோக்க வேண்டும். பீனைல்அலனினைப் பொறுத்தவரை டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது லிட்டருக்குச் சுமார் 60 மைக்ரோமோல் ஆகும். இரண்டு அறிக்கைகளின் எண்களை இதை மறந்து ஒப்பிடுதல் வீண்.

அந்தமான் நிகோபார் தீவுகளில் கடலும் இவ்விஷயத்தில் குறுக்கிடுகிறது. காம்பெல் பே, 2024-ஆம் ஆண்டுவரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திற்குச் சுமார் 500 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. அங்கிருந்து எடுத்த இரத்தம் பெருநகர ஆய்வகத்தை அடையுமுன் வெப்பத்தில் கிடந்தால், குளூட்டமின் குறைந்து குளூட்டமேட் உயரும். சிவப்பணுக்கள் உடைந்தாலோ அர்ஜினின் குறைந்து ஆர்னிதின் மிகும். அத்தகைய ‘குறைவு’ பிறப்பது குழந்தையின் உடலில் அன்று, குப்பியில்! பிளாஸ்மாவை விரைவில் பிரித்து உறைய வைப்பது இதனால்தான் அவசியமாகிறது. கத்ரி 1963-இல் வெளியிட்ட முறையில், குதிகாலில் எடுத்த சில இரத்தத் துளிகளை வடிதாளில் உலர்த்தித் தபாலில் அனுப்பலாம். தீவுகளுக்கு ஏற்ற ஏற்பாடு என்பது என் எண்ணம். எனினும் அது சந்தேகத்தை எழுப்பும் முதற்சோதனையே. முடிவு கூற வேறு சோதனை வேண்டும்.

பிறவி நோய் ஏதுமின்றி மெலிந்திருக்கும் குழந்தைகளின் நிலை வேறு. குன்னூரில் தொடங்கி ஹைதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் சி. கோபாலன், நம் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் புரதத்தைவிட மொத்த ஆகாரமே போதவில்லை என 1960-களிலேயே வலியுறுத்தினார். சக்தி தரும் உணவு குறைந்தால், கொடுத்த புரதமும் விறகாக எரிந்துபோகும். அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு ஈடுசெய்யும்; பருப்பில் குறையும் மெதியோனினை அரிசி தரும். சோறும் பருப்பும், கிடைக்கும் மீனும், சிறிது எண்ணெயும் வயிறார உண்ணாத குழந்தைக்கு விலையுயர்ந்த அமினோ அமிலப் பொடி வாங்குவதை நான் ஒப்பேன்.

அரசாங்கம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இரத்தம் எடுத்த நேரம், கடைசியாக உண்டது எப்போது, உட்கொண்ட மருந்துகள், பிளாஸ்மாவைப் பிரித்த நேரம் ஆகியவற்றை எழுத இடம் விட்ட ஒரு சீட்டைத் தமிழ், வங்காளம், ஹிந்தி, தெலுங்கு, நிகோபாரி மொழிகளில் அச்சிட்டு மருத்துவமனைகளில் வைக்கலாம். ‘குறைவு என்பது பற்றாக்குறையாகாது, வைத்தியரைக் கேளாமல் பொடி வாங்க வேண்டாம்’ என்ற வரி அதன் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும்.